பின்பக்கம் ஒண்ணரை முழம்

கொஞ்சம் தள்ளிக்கிடுங்க அண்ணாச்சி. சன்னல் ஓரம் எனக்கு வேண்டாம், நீங்களே இருங்க. காயல்பட்டணத்துல ஏறினா எடம் கெடைக்காதுன்னு நெனைச்சேன், இன்னைக்கு என்னமோ வண்டி காத்தாடுது. பைய மேல வைக்க மாட்டேன், மடியிலயே இருக்கட்டும். மேல எவனோ கம்ப வேற நீட்டிப் போட்டு வச்சிருக்கான். இதுல வெடிகுண்டு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. துணிதான்.

ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதீங்க. ஒங்க பேண்டு இருக்குல்லா, இடது காலு வலது கால விட ரெண்டு வெரக்கட கட்டை. வந்து உக்காந்ததுமே பாத்துட்டேன். எவன் தச்சான்? சிரிக்கிய. சிரிங்க, சிரிங்க. எனக்கு வயிறு எரியுது. நான் டெய்லரு.

பேரு கொம்பையா. முப்பத்தோரு வருசமா காயல்பட்டணத்துல கடை. டேப்பு கொம்பையான்னு கேட்டா கடல்ல போற மீனு கூட வழி சொல்லும். என் தையல்ல ஏத்த எறக்கம் கெடையாது. நான் பாவாடை அடிமடிச்சுத் தச்சா ரசமட்டம் வச்சுப் பாக்கலாம். கேலி இல்ல அண்ணாச்சி. கொத்தனாருக வச்சிருப்பாவள்லா, உள்ள குமிழி ஓடுமே, அந்த ரசமட்டம்தான். கடையில ஒண்ணு வாங்கியே வச்சிருக்கேன். பொண்ணு பாக்கப் போன எடத்துலயே காப்பி கொண்டுவந்த புள்ளையப் பாத்து, சட்டை வலது கை அரை வெரக்கட நீளமா இருக்கேன்னு சொன்னவன் நான். "அளவு எடுக்க வந்தியளா, பொண்ணு பாக்க வந்தியளா"ன்னு அவ கேட்டா. அவதான் வெள்ளத்தாயி. என் பொண்டாட்டி. கேட்டுட்டு அவளே கட்டிக்கிடவும் செஞ்சா. இன்னைக்கு வரைக்கும் எனக்கு காஜா எடுக்கது, கொக்கி வைக்கது, கை அடிப்பு எல்லாம் அவதான்.

அவ என்கிட்ட பேசி இன்னையோட பத்து நாளு ஆவுது. இத்தனைக்கும் நான் செஞ்சது நல்லது. நீங்களே கேட்டுட்டு ஒரு நியாயம் சொல்லுங்க.

செய்தம்மா ராத்தான்னு ஒருத்தாவ, எங்க கடைக்கு ரெண்டாவது தெரு, பழைய வாடிக்கை. அவ்வோ மவன் சதக்கத்துல்லா ஓமான்ல ஒரு அத்தர்க் கடையில வேலைக்கு இருக்கான். போன எடத்துல ஏமன் நாட்டுப் புள்ள ஒண்ண நிக்காஹ் பண்ணிக்கிட்டான். பல்கீஸ்னு பேரு. காயல்பட்டணத்து வழக்கம் ஒங்களுக்குத் தெரியும்லா? மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுல போய் இருக்கணும். இந்தப் புள்ளைக்கு வீடு கடலுக்கு அங்கிட்டு, அங்க சண்டை வேற. அதனால வழக்கத்தத் திருப்பிப் போட்டு அவள இங்க கூட்டியாந்துட்டான். நாளைக்கு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிஞ்சதும் ஊரக் கூட்டி விருந்து.

அவ உம்மாவால வர முடியல. விமானமும் கெடையாது, பாஸ்போட்டும் கெடையாது. அதனால அந்தம்மா மூணு வருசமா மவளுக்குன்னு தச்ச ஒரு உடுப்ப, ஆளு மாத்தி ஆளு கையில குடுத்து, எப்படியோ இங்க கொண்டுவந்து சேத்துட்டா. மவ அத மாட்டிக்கிட்டு நாளைக்கு வீடியோ கால்ல நிக்கணும். உம்மாகாரி அங்கன இருந்து பாக்கணும். அதுதான் ஏற்பாடு.

வார வழியில எவனோ பெட்டிய ஒடைச்சுச் சோதிச்சதுல உடுப்பு கக்கத்துல கிழிஞ்சு போச்சு. ராத்தா எடுத்துக்கிட்டு கடைக்கு வந்தாவ. "கொம்பையா, இந்தக் கிழிசல மட்டும் புடிச்சுக் குடுத்துரு"ன்னாவ. மட்டும்னுதான் சொன்னாவ. சரி, எல்லாரும் எதுக்கும் மட்டும்னுதான் சொல்லுவாவ. வெறும் பட்டன் மட்டும் வச்சுக் குடுன்னு சட்டைய நீட்டுவாவ, காலரு நாறிக் கெடக்கும். நாமதான் பாத்துச் செய்யணும்.

உடுப்ப விரிச்சேன். அண்ணாச்சி, வேலையக் குத்தம் சொல்ல மாட்டேன். துணி பருத்திதான், ஆனா கத்திரிக்காத் தோலு மாதிரி ஒரு மினுக்கம். அவுரி நீலச் சாயத்துல முக்கி முக்கிக் காயப்போட்டு, பொறவு கட்டையால அடி அடின்னு அடிச்சே அந்த மினுக்கத்தக் கொண்டு வருவாவளாம். கறுப்பா நீலமான்னு வெயில்ல கொண்டு போனாத்தான் தெரியும். நெஞ்சுப் பக்கம் சிவப்பு, மஞ்ச, பச்சைன்னு துண்டு துண்டா வச்சுத் தச்சு, சுத்திலும் வெள்ளிச் சரிகை. கத்திரி முனையால சொரண்டிப் பாத்தேன், அசலு. சரிகைய ஊசியில கோத்துத் தைக்கல பாத்துக்கிடுங்க. மேலாப்புல படுக்க வச்சு, மெல்லிசு நூலால கட்டிக் கட்டிக் கொண்டு போயிருக்கு. பின்பக்கம் திருப்பினா ஒரு முடிச்சு இல்ல. ஓரமெல்லாம் சம்கி, ஈய மணி, சோழி. அஞ்சு கிலோ இருக்கும். இதப் போட்டவ ஓட முடியாது. ஒருவேளை அதுக்குத்தான் போட்டு விடுதாவளோ என்னமோ.

உள்பக்கம் ஓரத்துக்குப் புடிச்சிருந்த துணியப் பாத்துச் சிரிச்சுட்டேன். நம்ம கட்டம் போட்ட கைலி! எந்தக் கப்பல்ல போச்சோ.

எல்லாம் சரி. ஹேங்கர்ல தூக்கி மாட்டினேன் பாருங்க, தலை சுத்திட்டு. முன்பக்கம் மொழங்காலோட நிக்கு. பின்பக்கம் தரையில கெடந்து இழுவுது! ரசமட்டம் வேண்டாம், பொறவிக் குருடன் தடவிப் பாத்தாலே சொல்லிருவான். டேப்பு புடிச்சேன். முன்னுக்கும் பின்னுக்கும் ஒண்ணரை முழம் வித்தியாசம்.

எனக்குப் பாவமாப் போச்சு. மூணு வருசம் ஒக்காந்து இம்புட்டு சரிகை போட்டவ, கடைசியில அளவுல கோட்டை விட்டுட்டாளேன்னு. வயசான பொம்பள, கண்ணு மங்கியிருக்கும், முன்பக்கத்துக்குத் துணி பத்தாமப் போயிருக்கும். சண்ட நடக்குற ஊர்ல எங்க போய் வாங்குவா? விருந்தன்னைக்கு மவ இதப் போட்டுக்கிட்டு சபையில நின்னா ஊரு சிரிக்காதா? அந்தத் தாயி மானத்தக் காப்பாத்தணும்னுதான் அண்ணாச்சி நான் கத்திரியவே எடுத்தேன். சத்தியமாச் சொல்லுதேன்.

முன்பக்கம் கூட்டலாம்னா அந்தத் துணி இங்க கெடைக்காது. அப்ப பின்பக்கத்தக் கொறைக்கணும். வேற வழி? வெள்ளத்தாயி காஜா எடுத்துக்கிட்டு இருந்தவ தலையத் தூக்கிப் பாத்தா. "கேட்டியளா?"ன்னா. என்னத்தக் கேக்க? அந்தப் புள்ளைக்குத் தமிழு தெரியாது, எனக்கு அரபி தெரியாது. டேப்பு ரெண்டு பேருக்கும் பொதுவு. "ஒரு எட்டு போய் ராத்தாட்ட கேட்டுட்டு வெட்டுங்க"ன்னா. வைத்தியரு கொடலு எடுக்கையில கொடல்ட்ட கேட்டா எடுக்காரு? சாக்குக் கோடு போட்டேன், வெட்டுனேன். என் கடையில நான் வெட்டுனதுலயே அதுதான் நேரான வெட்டு.

வெட்டுன துண்டுல இன்னொரு கூத்து. கீழ் ஓரத்துக்கு உள்ள புடிச்சிருந்த பட்டி கைலி இல்ல. சின்னச் சின்னத் துண்டா ஒட்டுப் போட்டிருக்கு. ஒரு துண்டு பூப்போட்ட கவுன் துணி, ஒரு துண்டு பள்ளிக்கூட யூனிபாரம் மாதிரி, ஒண்ணுல பாதி வாத்துப் பொம்மை. நல்ல லைனிங் வாங்கக் கூட வக்கில்லாம பழந்துணியப் பொறுக்கிப் போட்டிருக்கான்னு நெனைச்சேன்.

பொறவு பாத்தா கையெல்லாம் நீலம். சாயம் ஒட்டுது! என்னா மட்டமான சாயம்னு, உடுப்பு மொத்தத்தையும் உப்புத் தண்ணியில போட்டு எடுத்துருவோம்னு நெனைச்சேன். நல்ல வேளை, மொதல்ல அந்த வெட்டுத் துண்டு மூலைய முக்கிப் பாத்தேன். ஒரு சாண் அளவுக்கு மினுக்கம் பூராவும் போயி பழைய கொடைத் துணி மாதிரி ஆயிட்டு. அத்தோட விட்டுட்டேன். பாருங்க, எனக்கும் நிதானம் உண்டு.

நாசரேத்து தாண்டியாச்சா? ஆமா. பேச்சுல ஊரு தெரிய மாட்டேங்கு.

மறுநாளு ராத்தா, மவன், அந்தப் புள்ள மூணு பேரும் வந்தாவ. நான் உடுப்ப அயர்ன் பண்ணி, ஹேங்கர்ல மாட்டி, பக்கத்துல ரசமட்டத்தையும் வச்சிருந்தேன். குமிழி நட்ட நடுவுல நிக்கு. ராத்தா பாத்தாவ. "அல்லாவே, இது என்ன கொம்பையா, சின்னப் புள்ள கவுனாட்டம் மொழங்காலோட நிக்குது"ன்னு நெஞ்சுல அடிச்சிக்கிட்டாவ. அடியில பேண்டு மாதிரி ஒண்ணு போடுவாவளாம், அப்ப என்ன கொறைஞ்சு போச்சு?

அந்தப் புள்ள இருக்காளே, ஒசந்த புள்ள, நல்ல லச்சணம். கிட்ட வந்து கீழ் ஓரத்தத் தூக்கி, என் தையலத் தடவிப் பாத்தா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம், தையலு தெரிஞ்ச புள்ள போலுக்குன்னு. பொறவு அரபியில மெதுவா என்னமோ கேட்டா. சதக்கு சொன்னான்: "மீதி எங்கன்னு கேக்குறா அண்ணே."

நான் சொன்னேன், "மீதியா? அது தப்பால்லா இருந்துச்சு."

அவன் தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டான். "அண்ணே, அவங்க ஊரு உடுப்பே அப்படித்தான். முன்னாடி கட்டையா இருந்தா நடக்கத் தோது. பின்னாடி நீளமா மண்ணுல இழுபட்டு வரும், நடந்த தடம் அழிஞ்சு போகும்னு சொல்லுவாங்க"ன்னான். தடத்த அழிக்கணும்னா பின்னால ஒரு தொடப்பத்தக் கட்டிக்கிட்டு நடக்க வேண்டியதுதான? அதுக்கு எதுக்கு வெள்ளிச் சரிகை? சாயம் ஒட்டுதத சொன்னேன். ஒட்டத்தான் செய்யுமாம், மேலு நீலமானா அது அழகாம். அந்த ஊர்ல எனக்கு ஒரு கடை இருந்தா உருப்படவே மாட்டேன் அண்ணாச்சி.

அந்தப் புள்ள மறுபடியும் அதையேதான் கேட்டா. மீதி எங்க? நான் வெட்டுன அந்தப் பின்பக்க வாலுக்குள்ள இருந்த ஒட்டுத்துணி எல்லாம் அவ சின்னதுல போட்ட துணிகளாம். ஒண்ணாங் கிளாசுல போட்டது, பெருநாளைக்குப் போட்டது, அவ செத்துப்போன தங்கச்சியோட ஒரு கவுனு. அவ உம்மா எல்லாத்தையும் அந்த ஓரத்துக்குள்ள வச்சுத் தச்சிருக்கா. போனுல சொன்னாளாம், நீ எங்க நடந்தாலும் உன் வீடு உன் பின்னாலயே வரும்னு.

இத சதக்கு சொல்லச் சொல்ல ராத்தா அழுதாவ. வெள்ளத்தாயி அழுதா. தெருவுல போன ரெண்டு பேரு நின்னு பாத்தாவ. அம்புட்டு பேரும் என்னையப் பாக்காவ. நான் என்ன செய்ய? துண்டு மேசைக்குக் கீழ, என் காலு பக்கத்துலதான் கெடக்கு. ஒரு மூலை வெளுத்துப் போய்க் கெடக்கு. எடுத்து நீட்டினா, இதை என்னடா பண்ணுனன்னு அடுத்த கேள்வி வரும்லா? வாயில வந்துட்டு. "குப்பையில போட்டாச்சு, வண்டி வந்து அள்ளிட்டுப் போயிட்டு"ன்னேன்.

பொய்தான். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். முப்பத்தோரு வருசத்துல அளவுல ஒரு பொய் சொன்னதில்ல. துணியில ஒரு துண்டு அமுக்குனதில்ல. மிஞ்சுன ரவிக்கைத் துணிய சுருட்டிக் கையில குடுத்து அனுப்புறவன் நான்.

அந்தப் புள்ள கத்துவா, ஏசுவான்னு பாத்தேன். ஏசியிருந்தா நல்லாருந்திருக்கும். உடுப்ப மடிச்சு நெஞ்சோட வச்சுக்கிட்டு, என்னையப் பாத்து தலைய ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போயிட்டா. அதுதான் அண்ணாச்சி தாங்க முடியல.

அன்னையில இருந்து வெள்ளத்தாயி பேச்சு இல்ல. சோறு பொங்கி வச்சுட்டு ராத்தா வீட்டுக்குப் போயிருதா. கறுப்புத் துணி ஒண்ணு எடுத்து வந்து, அவுரி சாயம் ஏத்தி, அவளும் அந்தப் புள்ளையுமா முத்தத்துல உக்காந்து கட்டையால அடிக்காளுவ. பக்கத்து வீட்டுக்காரன் சதக்கத்தான் போட்டு அடிக்காளுவன்னு மதில்ல ஏறிப் பாத்திருக்கான். சரிகைய எப்படிப் படுக்க வச்சுக் கட்டுததுன்னு அந்தப் புள்ள சொல்லிக் குடுக்காளாம், இவ செய்யுதாளாம். வார்த்தை தெரியாத ரெண்டு பேரு அப்படி என்னத்தத்தான் பேசிக்கிடுவாளுவளோ, சிரிப்புச் சத்தம் எங்க கடை வரைக்கும் கேக்குது. என்கிட்ட இருவத்தெட்டு வருசத்துல அப்படிச் சிரிச்சதில்ல.

வாலு எப்படியும் வந்துரும், நாளைக்குள்ள முடிச்சிருவாளுவ. ஆனா புது வாலு. உள்ள வெத்து லைனிங்.

பைக்குள்ள என்னன்னு இப்பத் தெரிஞ்சிருக்கும் ஒங்களுக்கு. ஆமா, அதுதான். இதத் தூக்கிட்டு எங்க போறேன்னு கேக்கிய. திருநெல்வேலி ஜங்ஷன்ல எங்க ஆவுடையப்பன் மாஸ்டரு இருக்காரு. நான் வேல பாத்த கடை மொதலாளி. எம்பத்தாறு வயசு, கண்ணு ரெண்டும் போயிட்டு, வாயி மட்டும் நல்லாருக்கு. இத அவரு கையில குடுப்பேன். வெட்டு ஓரத்தத் தடவிப் பாத்து, "சுத்தமான வெட்டுடா கொம்பையா"ன்னு சொல்லட்டும். போதும். அந்த ஒரு வார்த்தையக் கொண்டு போய் வெள்ளத்தாயிகிட்ட சொன்னாத்தான் எனக்குச் சோறு எறங்கும்.

நியாயம்தான? நீங்க ஏன் அண்ணாச்சி ஒண்ணுமே சொல்லாம வாரிய? ஏறினதுல இருந்து சிரிப்புதான்.

ஸ்ரீவைகுண்டமா? எறங்கப் போறியளா? அதுவும் சரிதான், எதுத்த வண்டிக்காக இங்க கொஞ்ச நேரம் போட்டுருவான். அவசரமில்ல, மெதுவா எறங்கலாம். அதுக்குள்ள அந்தப் பேண்ட மட்டும் பாத்துருவோமா? கத்திரி வச்சிருக்கேன், ஊசி நூலும் இருக்கு. வலது கால ரெண்டு வெரக்கட கொறைச்சு மடிச்சு அடிச்சிட்டேன்னா ரெண்டும் சமம். அஞ்சு நிமிசம். என் மனசுக்காவ.

என்னது? எத எடுக்கணும்? மேல கெடக்க கம்பா? அது ஒங்களுதா?

இந்தாங்க. பாத்து. என் தோளப் புடிச்சிக்கிடுங்க.

நில்லுங்க அண்ணாச்சி. ஒரு நிமிசம் அப்படியே நில்லுங்க. ரெண்டு எட்டு நடங்க. இன்னும் ரெண்டு எட்டு.

சின்னதுல இருந்தேவா? போலியோவா? இடது காலா?

ரெண்டு வெரக்கட.

இப்ப நீங்க நிக்கையில ரெண்டு பேண்டு ஓரமும் தரைக்கு ஒண்ணு போல நிக்கு. ரசமட்டம் வச்சாலும் குமிழி அசையாது. எவன் தச்சான் இத? இந்த ஊருக்காரனா? ஒவ்வொரு காலா அளந்தானா? கேட்டானா ஒங்கட்ட? எப்படி நடப்பீங்க, எங்க தட்டும், எங்க இழுக்கும்னு எல்லாம் கேட்டுட்டுத்தான் வெட்டுனானா?

நான் உக்காந்ததும் ஒங்க பேண்டப் பத்திப் பேச ஆரம்பிச்சேன். நீங்க சிரிச்சிக்கிட்டே வந்தியளே அண்ணாச்சி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? நான் கேக்கலைங்கியளா. ஆமா. கேக்கல.

அன்னா நிக்கது திருச்செந்தூரு வண்டியா? காயல்பட்டணத்துல நிக்கும்லா? தள்ளுங்க, நானும் எறங்குதேன். பைய ஒரு நிமிசம் புடிங்க. மாஸ்டரு கெடக்காரு, அவருக்கென்ன, வெட்ட மட்டும்தான் தடவுவாரு.

ஒத்துக்கிட்டேன்னு நெனைச்சிராதீங்க. வெட்டு சுத்தம்தான். அதனாலதான் இந்தத் துண்டத் திருப்பி ஒட்டும்போது தையலு தெரியாம ஒட்ட முடியும், அதுவும் என்னால மட்டும்தான் முடியும். வெள்ளத்தாயி விட்டா கோணலா ஒட்டிருவா. போயி வாசல்ல நிக்கேன். குப்பையில போட்டேன்னு சொன்னவன் கையில இது எப்படி வந்துச்சுன்னு கேப்பாவ. கேக்கட்டும்.

அந்த வெளுத்துப் போன மூலையத்தான் ஒண்ணும் செய்ய முடியாது. எவ்வளவு அடிச்சாலும் அந்த மினுக்கம் திரும்பாது. நாளைக்கு வீடியோவுல ஊரே பாத்தாலும் ஒருத்தனுக்கும் தெரியாது, அந்த அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சு போவும். மூணு வருசம் தச்சவள்லா. என் புள்ளை உடுப்ப இப்படிப் பண்ணுனது யாருன்னு அவ கேட்டா, சதக்குட்ட சொல்லிருதேன், மறைக்க வேண்டாம், காயல்பட்டணத்து டேப்பு கொம்பையான்னு என் பேரச் சொல்லுன்னு.